ஐஸ்பெட்டியில் கோபால்ட்

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் முதுகலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வீடு மலாக்கா பக்கம் மெர்லிமாவில். உங்க பொண்ணு என்ன படிக்குது என்று கோயிலில் யாராவது கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுவாள்: “கலர் தண்ணி செய்யுது.” எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. காலையிலிருந்து மாலைவரை நான் செய்தது கலர் தண்ணிதான்.

அந்தக் கலர் தண்ணியில் இருந்தது கோபால்ட் என்ற உலோகத்தின் கூட்டுப்பொருள். ஓர் உலோக அணுவை நடுவில் உட்கார வைத்து, அதைச் சுற்றிச் சில மூலக்கூறுகள் பிடித்துக்கொண்டு நிற்கும் பொருள் அது. சுற்றி நிற்பதற்கு லிகண்ட் என்று பெயர். எங்கள் பாடப்புத்தகத்தில் லிகண்ட் என்றால் வேலி மாதிரி. வேலி இறுக்கமாக இருந்தால் உலோகத்தின் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக அடங்கிவிடும். தளர்வாக இருந்தால் சில எலக்ட்ரான்கள் ஜோடி சேராமல் தனித்து நிற்கும். எத்தனை தனித்து நிற்கிறது என்பதைத்தான் ஸ்பின் நிலை என்று சொல்வோம். தனியாக நிற்பவை கூடினால் அந்தப் பொருளைக் காந்தம் அதிகமாக இழுக்கும். ஆகவே காந்தத்தை வைத்து அளந்து பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரான் உள்ளே எப்படி நிற்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். எனக்கு இந்த இடம்தான் பிடித்துப்போய் ஆராய்ச்சிக்கே வந்தேன்.

நான் எடுத்துக்கொண்ட லிகண்ட் கேட்டகால் வகை. கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் சற்று நேரத்தில் கறுத்துப்போகிறதே, அதற்குக் காரணமான பொருள்களின் குடும்பம். எலக்ட்ரானைச் சுலபமாக விட்டுவிடும், கொடுத்தால் வாங்கியும் கொள்ளும். வேலியே பயிரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டால் உள்ளே என்ன ஆகும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. என் ஆராய்ச்சி மேற்பார்வையாளரும் யோசிக்கவில்லை. கோபால்ட்டின் ஸ்பின் ஒன்று தாழ்ந்து இருக்கும், இல்லையென்றால் உயர்ந்து இருக்கும், எது என்று அளந்து சொல் என்றார். நானும் சரி என்றேன்.

அளந்தால் இரண்டும் இல்லை. நடுவில் எங்கேயோ ஒரு எண் வந்தது. மறுநாள் அளந்தால் வேறு எண். அடுத்த வாரம் இன்னொன்று. அளக்கும் இயந்திரம் இருந்த அறையில் ஏர்கோன் ஒரு நாள் ஓடினால் மூன்று நாள் பழுது. ஓடும் நாளில் பல் கிட்டித்துப்போகும், ஓடாத நாளில் கதவைத் திறந்துபோட்டு மேசை விசிறியை வைத்துக்கொண்டு வேலை செய்வோம். அந்த அறையின் சூட்டையும் என் எண்களையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. கலரும் அப்படித்தான். பச்சையாக இருக்க வேண்டிய கரைசல் சில நாள் நீலம் பாய்ந்து நிற்கும். கேட்டகால் காற்றுப் பட்டால் கெட்டுப்போகும் சாதி என்பதால், காற்று புகுந்துவிட்டது என்று முடிவு கட்டி நீலத்தைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். இப்படி எத்தனை குடுவை கொட்டியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மேற்பார்வையாளர் தமிழர்தான். மலாக்கா டவுனில் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, இங்கிலீஷ் பள்ளியில் படித்து, வெளிநாட்டுப் பட்டத்தோடு திரும்பியவர். கெட்டவர் இல்லை. என் எண்களைப் பார்த்துவிட்டு ஒரு நாள், “ரெண்டு பொருள் கலந்து கிடக்கு. உன் சேம்பிள் ப்யூர் இல்ல,” என்றார். நான் மறுபடி செய்தேன். மறுபடியும் அதே கதை. அடுத்த முறை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். “எஸ்டேட் பிள்ளைங்க நல்லா உழைக்கும்மா, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா இந்த வேலைக்குக் கை சுத்தம் வேணும்.”

அம்மா ரப்பர் எஸ்டேட்டில் இருபது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவள். பால் வடியும் மங்கைத் துடைக்காமல் ஒரு சொட்டுப் பாலும் இறக்க விடமாட்டாள். அழுக்கு மங்கில் விழுந்த பால் ஸ்டோருக்குப் போய்ச் சேர்வதற்குள் கட்டிக்கொள்ளும். எங்கள் தொழிலாளர் லயத்தில் சுத்தம் என்பது பெருமைக்கு வைத்துக்கொண்டது இல்லை, அதுதான் தொழில். இதையெல்லாம் அவரிடம் சொல்ல நினைத்தேன். “சரி சார்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கழுவியிருந்த குடுவைகளையெல்லாம் எடுத்து மறுபடி கழுவினேன்.

கடைசியாக ஒரு வழி சொன்னார். சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவருக்குத் தெரிந்தவர் இருந்தார். அங்கே உள்ள நல்ல இயந்திரத்தில் வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கியிருந்தார். “இருபத்தஞ்சு டிகிரில வச்சு, திரும்பத் திரும்ப அள. நம்பர் ஒழுங்கா நின்னா பாப்போம். அங்கயும் இப்படித்தான்னா, வேற வழி பாத்துக்கம்மா. உன் வருஷத்தையும் வீணாக்க வேணாம், என் வருஷத்தையும் வீணாக்க வேணாம்.”

வேறு வழி தயாராகத்தான் இருந்தது. அண்ணன் மலாக்கா பக்கம் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அங்கே தரப் பரிசோதனைப் பிரிவில் ஆள் தேவை என்று சொல்லி, எனக்காகப் பேசியும் வைத்திருந்தான். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை, எத்தனையோ பிள்ளைகள் அதற்குத் தவம் கிடந்தார்கள். ஆனால் கை சுத்தமில்லாதவள் என்று துரத்திவிடப்பட்டு அங்கே போய் நிற்க என் மனம் ஒப்பவில்லை. எனக்கு அந்தப் பட்டம் வேண்டும். அதைவிட, அந்த எண் ஏன் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது என்று தெரிய வேண்டும்.

சிங்கப்பூர் போகும் வழியில்தானே வீடு. புதன்கிழமையே கிளம்பி மெர்லிமாவுக்கு வந்துவிட்டேன். அடைத்து மூடிய மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் கரைசல். அவற்றைப் பஞ்சில் சுற்றி, மைலோ டின்னில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் டிவி மேல் டின்னை வைத்துவிட்டு, யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

காலையில் எழுந்து பார்த்தால் டின் இருக்கிறது, குழாய்கள் இல்லை.

அம்மா அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். “எங்கம்மா என் டியூப்?” என்றேன்.

“ஐஸ்பெட்டில இருக்கு. டிவி சூட்டுல மருந்து கட்டிக்கிட்டா என்ன செய்வ? அதான் எடுத்து உள்ள வச்சேன்.”

லயத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வீடு மாறி வந்த பிறகு வாங்கியது அந்த ஐஸ்பெட்டி. வந்த நாளிலிருந்து அம்மா அதை முழுசாக நம்பினாள். பூ, சந்தனம், மாத்திரை, தபால்தலை எல்லாம் அதற்குள்தான் இருக்கும். சூடு பட்டால் பால் கட்டிவிடும் என்பது அவளுக்கு உடம்பில் ஊறிப்போன பயம். ஒழுகும் பொருள் எதைப் பார்த்தாலும் அது கட்டிக்கொள்ளும் என்றுதான் முதலில் நினைப்பாள். என் குழாய்களை மாவுச் சட்டிக்கும் மல்லிகைப்பூவுக்கும் நடுவில் ஒரு தம்ளரில் நிறுத்தி வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தேன். நீலம். துளிகூடப் பச்சை இல்லாத நல்ல நீலம்.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். இரண்டு வருஷ உழைப்பு, நாளைக்குச் சிங்கப்பூர், எல்லாம் போச்சு, உன்னை யார் தொடச் சொன்னது என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அம்மா என் கையிலிருந்து ஒரு குழாயைப் பிடுங்கி, நான் அதை எறிந்துவிடுவேன் என்று பயந்தோ என்னவோ, உள்ளங்கைக்குள் மூடி வைத்துக்கொண்டாள். நான் கத்தி முடிக்கும்வரை அப்படியே நின்றாள். பிறகு கையை விரித்தாள்.

“என்ன கெட்டுப்போச்சு? இந்தா பாரு, பச்சையாத்தான்லா இருக்கு.”

பச்சையாகத்தான் இருந்தது. என் கையில் இருந்த மற்ற குழாய்கள் இன்னும் நீலம், ஓரத்தில் மட்டும் பச்சை ஏறிக்கொண்டிருந்தது. நான் பேச்சை நிறுத்தினேன். தோசை கருகும் வாசனை வந்தது.

அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை இல்லை. குழாயை ஐஸ்பெட்டிக்குள் வைப்பேன், நீலமாகும். வெளியே எடுப்பேன், பச்சையாகும். சுடுதண்ணீர்த் தம்ளரில் விடுவேன், இன்னும் பளிச்சென்று பச்சை. மறுபடி உள்ளே, மறுபடி நீலம். காற்று புகுந்து கெட்டது திரும்ப நல்லதாகாது. இது போய்ப் போய்த் திரும்பி வந்தது. “கதவ மூடு, ஐஸெல்லாம் உருகுது,” என்று அம்மா கத்தினாள். இப்போது கத்துவது அவள் முறை என்பதால் நான் பொறுத்துக்கொண்டேன். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. மதியம் அவள் மீன் கறி வைத்தாள், நான் எப்போதும் சாப்பிடுவதைவிட இரண்டு பங்கு சாப்பிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோதுதான் புத்தியில் உறைத்தது. அண்ணனிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. மழை நாளில் அப்பா எடுத்துக்கொண்டு போவார், அண்ணன் தொழிற்சாலை பஸ்ஸில் போவான். வெயில் நாளில் அண்ணன் எடுப்பான், அப்பா சைக்கிளில் போவார். யாருடைய வண்டி என்று கேட்டால் இரண்டு பேரும் என்னுடையது என்பார்கள், இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். என் பொருளிலும் ஓர் எலக்ட்ரான் அதே மாதிரி நடந்துகொண்டிருந்தது. குளிரில் அது லிகண்டிடம் இருந்தது. அப்போது கோபால்ட்டின் எலக்ட்ரான்கள் எல்லாம் ஜோடி சேர்ந்து அடங்கிவிடும், காந்தம் அதிகம் இழுக்காது, கலர் நீலம். சூடு ஏறினால் லிகண்ட் அந்த எலக்ட்ரானைக் கோபால்ட்டிடம் கொடுத்துவிடும். கொடுத்ததும் கோபால்ட்டின் பிடி தளர்ந்து, எலக்ட்ரான்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும், காந்தம் இழுக்கும், கலர் பச்சை. ஸ்பின்னை மாற்றியது வேலியின் இறுக்கம் மட்டும் இல்லை, வேலி கையை நீட்டிக் கொடுத்ததும்தான். என் பொருள் கலப்படம் இல்லை. ஒரே பொருள்தான், அறையின் சூட்டுக்குத் தகுந்தபடி இரண்டு நிலைகளுக்கும் போய் வந்துகொண்டிருந்தது. இதே மாதிரியானதை வெளிநாட்டில் சிலர் முன்பே கண்டு எழுதியிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் நூலகத்தில் அந்த இதழ்கள் இல்லை.

ஆனால் ஐஸ்பெட்டியில் வைத்துப் பார்த்தேன் சார் என்று சொன்னால் அவர் நம்புவாரா? கண்ணுக்கு நீலம், கண்ணுக்குப் பச்சை என்பதெல்லாம் எண் ஆகாது. அவர் சொன்னபடி இருபத்தைந்து டிகிரியிலேயே திரும்பத் திரும்ப அளந்தால், நல்ல இயந்திரம் என்பதால் எண் ஆடாமல் நிற்கும், ஆனால் நடுவில்தான் நிற்கும். கலப்படம் என்பார், கதை முடிந்தது. அதற்குப் பதிலாக அந்த ஒரு மணி நேரத்தையும் சூட்டைக் கூட்டியும் குறைத்தும் அளப்பதற்குச் செலவழித்தால் உண்மை தெரியும். நான் நினைத்தது தப்பென்றால் கையில் ஒன்றும் இருக்காது, சொன்னதைக் கேட்காதவள் என்ற பேரும் சேரும். போன் செய்து அனுமதி கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூவார் போய்ச் சிங்கப்பூர் பஸ் பிடித்தேன். இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சீனர், அந்தக் குளிர் அறையில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து டிகிரிதானே என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, நாற்பதில் தொடங்கிப் பூஜ்யத்துக்குக் கீழே போய்த் திரும்ப நாற்பதுக்கு வர வேண்டும் என்றேன். தாளில் அப்படி எழுதவில்லையே என்றார். மாறிவிட்டது என்றேன். யார் மாற்றியது என்று அவர் கேட்கவில்லை.

நாங்கள் காந்தத்தை அளக்கும் முறையில் திரையில் இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று வெறும் கரைப்பானுக்கு, இன்னொன்று என் பொருள் கலந்த கரைப்பானுக்கு. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம்தான் காந்த அளவு. சாதாரணமான காந்தப் பொருளைக் குளிர வைத்தால் அந்தத் தூரம் கூடும். கலப்படமாக இருந்தாலும் கூடத்தான் செய்யும், ஏனென்றால் கலந்த பங்கு மாறாது. குறைந்தால் மட்டுமே நான் நினைத்தது சரி. நாற்பதில் கோடுகள் நன்றாக விலகி நின்றன. அவர் சூட்டை இறக்கினார். அடுத்த படி வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கோடுகள் கொஞ்சம் கிட்டே வந்தன. இன்னும் இறக்கினார். இன்னும் கிட்டே வந்தன. பூஜ்யத்துக்குக் கீழே போனபோது ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்போல நெருங்கிவிட்டன. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “உன்னுடையது தலைகீழாகப் போகிறதே,” என்றார். ஆமாம், திரும்பச் சூடாக்குங்கள் என்றேன். சூடாக்கினார். கோடுகள் பழையபடி விலகி, முதலில் நின்ற அதே இடத்தில் போய் நின்றன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த அறையில் யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

கீழே சாப்பாட்டுக்கடைப் பக்கம் பொதுத் தொலைபேசி இருந்தது. கார்டு வாங்கி, மேற்பார்வையாளரின் அறைக்குப் போட்டேன். அவரே எடுத்தார்.

“சார், நான் இருபத்தஞ்சுல மட்டும் அளக்கல. சூட்ட மாத்தி மாத்தி அளந்தேன்.”

“நான் என்ன சொன்னேன், நீ என்ன செஞ்சிருக்க?”

“குளிர வைக்க வைக்கக் கோடு கிட்ட வருது சார்.”

“தூரமாப் போகுதுன்னு சொல்லு.”

“இல்ல சார். கிட்ட வருது.”

நம்பரைப் படி என்றார். படித்தேன். மெதுவாகப் படி என்றார். மறுபடி படித்தேன். அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“திரும்பச் சூடாக்கினியா?”

“ஆமா சார். பழைய எடத்துக்கே வந்துருச்சு.”

எழுதும் சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். “கலந்திருந்தா இப்படிப் போகாது… கெட்டிருந்தாத் திரும்பி வராது… லிகண்ட்தான் குடுக்குது. கோபால்ட்டுக்கு லிகண்ட் குடுக்குது.” பிறகு குரல் மாறியது. “நேத்தே ஆபீஸ்ல சொல்லிட்டேன்மா, உன் பேர எடுத்துரச் சொல்லி.”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. நேற்று வியாழக்கிழமை. நான் ஐஸ்பெட்டிக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்த நாள். அளந்து வரட்டும் என்று அனுப்பிவிட்டு, வரும் பதிலுக்குக் காத்திருக்காமலே முடித்துவிட்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர் வந்தது. கோபமா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவரைத் திட்ட வேண்டும் என்று இருந்தது, வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

“சார்,” என்று மட்டும் சொன்னேன்.

“இன்னும் மேல அனுப்பியிருக்க மாட்டாங்க. நாலரைக்குப் பூட்டிருவாங்க. நீ லைன்ல இரு, வச்சிராத.”

ரிசீவரை மேசைமேல் போடும் சத்தம் கேட்டது. நாற்காலி தள்ளப்பட்டுச் சுவரில் இடித்தது. அதன் பிறகு காரிடாரில் ஷூச் சத்தம். முதலில் நடைதான், சில அடிகள் தாண்டியதும் ஓட்டம். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை. சத்தம் தூரமாகிப் படிக்கட்டில் இறங்கி மறைந்தது. கார்டில் மீதி குறைந்துகொண்டே வந்தது. எனக்குப் பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள், ஒருவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.